கழிவுத் தூளைப் பிளாஸ்டிக்கில் கலப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரானைட் அறுவைத் தூளையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் பிளாஸ்டிக்கில் நிரப்பியாகக் கலக்கத் தொடங்கும் இளைஞர்கள், ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளை வரிசைகூட மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். தூளை உலர்த்த வேண்டும், சலிக்க வேண்டும் என்பவற்றை முதல் வாரத்திலேயே இயந்திரம் கற்றுக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எடையில் கலந்து எடையிலேயே இலாபம் பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். நூற்றுக்கு 40 பங்கு தூள் போட்டால் பிளாஸ்டிக்கில் 40 விழுக்காடு மிச்சம் என்று நம்பி, நான் பூந்தொட்டிகளுக்கு ஒன்றுக்கு இவ்வளவு என விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டேன். ஆனால் அச்சின் குழி எடையால் அல்ல, கொள்ளளவால் நிரம்புகிறது. நான் பயன்படுத்திய பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம், கிரானைட் தூளுக்கு ஏறத்தாழ 2.65 கிராம். 100 கிராம் கலவையில் 60 கிராம் பிளாஸ்டிக் 66.7 கன சென்டிமீட்டரை அடைக்க, 40 கிராம் தூள் 15.1 கன சென்டிமீட்டரைத்தான் அடைக்கிறது. ஆக, கொள்ளளவில் தூளின் பங்கு 18.5 விழுக்காடு, உண்மையில் மிச்சமாகும் பிளாஸ்டிக்கும் அவ்வளவே. 100 கிராம் இருந்த தொட்டி அதே அச்சிலிருந்து 136 கிராமாக வந்து விழுந்தது. கலவைக் கூலியும் லாரி வாடகையும் கிலோக் கணக்கில்தானே வாங்குகிறார்கள்? அந்தக் கூடுதல் 36 கிராமுக்கும் சேர்த்து நான் கட்டினேன். போதாக்குறைக்கு, தூளிலுள்ள குவார்ட்ஸ், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 7 உடையது, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் ஸ்க்ரூவைத் தேய்த்துக்கொண்டிருந்தது. விலைப்புள்ளி கொடுக்கும் முன் ஒரு தொட்டியை வார்த்துத் தராசில் வைத்திருந்தால் போதும்; அதைக்கூட நான் செய்யவில்லை.

சாம்பல் எல்லாம் ஒன்றென நினைப்பது

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. மேட்டூரில் எரியும் கருநிலக்கரியின் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவுமே மேலோங்கும். சுண்ணாம்பு ஈரத்துடன் சேர்ந்து தரும் காரத்தன்மை, பாலியெஸ்டர் ரெசின் என்ற பிளாஸ்டிக் வகையில் மூலக்கூறுகளைக் கோக்கும் எஸ்டர் பிணைப்புகளைச் சிதைக்கும் என்பதால், ஒரு சாம்பலில் தேறிய கலவை விகிதத்தை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது.

சிலேன் பூச்சு

தூளைப் பிளாஸ்டிக்கோடு ஒட்டவைக்கும் இந்த வேதிப் பூச்சு கிரானைட் தூளில் நன்றாகப் பிடிக்கும், பளிங்குத் தூளில் சரியாகப் பிடிக்காது. பளிங்குக்குக் கொழுப்பு அமிலமான ஸ்டியரிக் அமிலமே போதும்.

இரும்பு

எஃகு மணிகளைக் கொட்டி அறுக்கும் பட்டறைச் சேற்றைக் காந்தத்தில் ஓட்டி இரும்புத் துகள்களை நீக்காமல் கலக்காதீர்கள்.