இடைக்காலச் சமயச் சுவடிகளை இணையத்தில் தேடிப் பிடிப்பது எப்படி?

ஐரோப்பாவின் இடைக்காலச் சமயச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. ஆனால் நூலின் பெயரை மட்டும் கூகுளில் போட்டால் சுற்றுலாப் படங்களும் நினைவுப்பொருள் கடைகளும்தான் வந்து குவியும்.

படி 1: சுவடி எண்ணைப் பிடியுங்கள்

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சுவடிக்கும் அதை வைத்திருக்கும் நூலகம் ஓர் எண் கொடுத்திருக்கும். பிரபலமான சுவடி என்றால் விக்கிப்பீடியாவிலேயே அது இருக்கும். 700ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியின் எண் ‘காட்டன் எம்எஸ் நீரோ டி 4’ (Cotton MS Nero D IV). இதை முன்பு வைத்திருந்த ராபர்ட் காட்டன் என்பவர் தம் புத்தக அலமாரிகளின் மேல் ரோமானியப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகளை வைத்திருந்தார். நீரோ சிலை இருந்த அலமாரி, டி தட்டு, நான்காவது புத்தகம். அவ்வளவுதான்! காட்டன் 1631இல் இறந்துவிட்டார். சுவடி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எண் மட்டும் அப்படியே.

இணைப்பை மட்டும் குறித்து வைத்தால் போதாதா? போதாது. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்த நூலகத்தின் சுவடித் தளமே முடங்கிப் பழைய இணைப்புகள் செத்துப்போயின. எண் கையில் இருந்தால் எங்கு மாற்றினாலும் தேடி எடுக்கலாம்.

படி 2: சரியான தளத்துக்குப் போங்கள்

வத்திக்கானுக்கு டிஜிவாட்லிப் (DigiVatLib), பிரான்ஸ் தேசிய நூலகத்துக்கு காலிகா (Gallica), சுவிட்சர்லாந்துக்கு ஈ-கோடிசெஸ் (e-codices). எந்த நூலகம் என்றே தெரியாவிட்டால் பல நூலகங்களைச் சேர்த்துத் தேடும் பிப்லிசிமாவில் (Biblissima) தொடங்குங்கள்.

படி 3: ஒன்றைத் திறந்து பழகுங்கள்

என் பரிந்துரை ஈ-கோடிசெஸ்தான். புதியவர்களைப் பயமுறுத்தாத தளம். அதில் சுவிட்சர்லாந்தின் சென் காலன் மடத்து நூலகத்தின் ‘காட். சாங். 914’ (Cod. Sang. 914) சுவடியைத் தேடுங்கள். எண்ணை ஆங்கில எழுத்தில், புள்ளியும் இடைவெளியும் மாறாமல் தட்டுங்கள். பெனடிக்ட் துறவிகளின் ஒழுக்கவிதி நூலுக்கு 9ஆம் நூற்றாண்டில் எடுத்த பிரதி வந்து நிற்கும். படங்களுக்குள் பாய்வதற்கு முன் சுவடி விவரக்குறிப்பைப் படித்துவிடுங்கள்; காலம், எழுதிய இடம் எல்லாம் அங்கேதான்.

படி 4: ஏட்டு எண்

பெரும்பாலான சுவடிகளில் ஏட்டுக்குத்தான் எண், பக்கத்துக்கு அல்ல. முன்பக்கம் ‘ஆர்’ (r), பின்பக்கம் ‘வி’ (v). ‘27ஆர்’ என்றால் 27ஆம் ஏட்டின் முன்பக்கம். சென் காலன் சுவடிகளிலோ நம் புத்தகம் போலப் பக்க எண்தான் வழக்கம். மேற்கோள் காட்டும்போது இதைக் கலந்துவிடாதீர்கள்.

படி 5: எழுத்து புரியவில்லையா?

சொற்களைச் சுருக்கிச் சுருக்கி எழுதிய லத்தீனை எடுத்த எடுப்பில் யாராலும் படிக்க முடியாது. அச்சுப் பதிப்பைப் பக்கத்துச் சன்னலில் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். பிரெஞ்சுப் பாதிரியார் மின்யே வெளியிட்ட, லத்தீன் கிறித்தவ நூல்களின் திரட்டான 221 தொகுதிகள் கொண்ட ‘பத்ரோலோகியா லத்தீனா’ (Patrologia Latina) இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கிறது. அது 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பு, பிழைகள் உண்டு; வாசிக்க அதை வைத்துக்கொண்டு, ஆய்வேட்டில் புதிய பதிப்பைக் காட்டுங்கள்.

அப்புறம், படத்தைக் கட்டுரையில் போடுவதற்கு முன் அந்தச் சுவடிக்கான உரிமக் குறிப்பைப் பாருங்கள். ஒரே தளத்திலும் நூலகத்துக்கு நூலகம் விதி மாறும்.