சுங்கானின் காற்றுவழியில் டிரில் வைக்கும் முன்

உறிஞ்ச உறிஞ்சப் புகை வருவதில்லை, கன்னம்தான் வலிக்கிறது. அடியில் களகளவென்று நீர்ச் சத்தம். பாதியிலேயே நெருப்பு அணைந்துவிடுகிறது. சுங்கான் (புகையிலை நிரப்பிப் புகைக்கும் குழாய்) பிடிப்பவர்களில் பலர் இதற்கெல்லாம் ஒரே மருந்து வைத்திருக்கிறார்கள்: புகை வரும் துளையான காற்றுவழியைக் குடைந்து பெரிதாக்குவது. அமெரிக்கச் சேகரிப்பாளர் ரிக் நியூகோம் போன்றவர்கள், காற்றுவழி தாராளமாக இருந்தால்தான் நிதானமாகப் புகைக்க முடியும் என்று எழுதிவந்திருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் எங்கே குடைவது என்று பார்க்காமல் குடைந்தால், பிரையர் என்ற கடின மரத்தில் செய்த நல்ல சுங்கான் ஒரே மாலையில் பாழாகிவிடும். குடைந்த மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க வழியே இல்லை.

பெரும்பாலோர் செய்யும் பிழை, அடைப்பையும் குறுகலையும் குழப்பிக்கொள்வது. பழைய சுங்கானின் உட்சுவரில் தார் படிந்து படிந்து, நான்கு மில்லிமீட்டர் துளை மூன்றாகச் சுருங்கியிருக்கும். பைப் கிளீனரை (பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, கம்பி வெள்ளையாக வெளிவரும்வரை திரும்பத் திரும்ப விட்டு எடுங்கள். பிறகு, புகையிலை வைக்கும் கிண்ணம் காலியாக இருக்கும்போது உறிஞ்சிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் வருகிறதா? அப்படியானால் துளையைக் குறை சொல்ல வேண்டாம். புகையிலை ஈரமாக இருக்கிறது, அல்லது அதை இறுக்கி அடைத்திருக்கிறீர்கள். காலிக் கிண்ணத்திலும் மூச்சு முட்டினால் மட்டுமே மேற்கொண்டு பேச விஷயம் இருக்கிறது.

அப்போதும் மரத்தைத் தொடாதீர்கள். ஒரு குழாயில் எவ்வளவு காற்று போகும் என்பதை அதன் மிகக் குறுகலான இடம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. பிரையர் சுங்கான்களில் மரத்தண்டின் துளை வழக்கமாக மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் இருக்கும். தொழிற்சாலைச் சுங்கான்களில் குறுகல் பெரும்பாலும் வாய்த்துண்டில்தான்: தண்டுக்குள் செருகும் கழுந்திலோ, பல்லால் கடிக்கும் நுனியிலோ. அங்கே மூன்று மில்லிமீட்டராக இருக்கும்போது மரத்துளையை ஐந்தாக்கினாலும் பெரிய மாற்றம் எதையும் உணர மாட்டீர்கள். மாறாக, மூன்று மில்லிமீட்டர் கழுந்துத் துளையை நான்காக்கினால் பரப்பு மட்டுமே ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். அளந்து பார்ப்பதும் எளிது: டிரில் பிட்டுகளின் மழுங்கிய பின்முனையை ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். பிட் எந்த இடத்தில் மேலே போகாமல் நிற்கிறதோ, குறுகல் அங்கேதான்.

கடிக்கும் நுனியைப் பலர் கவனிப்பதே இல்லை. அங்கே உருண்டைத் துளை தட்டையான பிளவாக மாறுகிறது. நான்கு மில்லிமீட்டர் துளையின் பரப்பு சுமார் 12.6 சதுர மில்லிமீட்டர். பிளவின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் அகலம் எட்டுக்கு மேல் வேண்டும். அதற்குக் குறைந்தால் புகை அங்கே நெரிபடும். மெல்லிய ஊசி அரத்தால் பிளவைப் பக்கவாட்டில் விசிறிபோல் விரிப்பது பெரும்பாலும் போதும். மேலும் கீழும் அராவினால் கடிக்கும் இடம் மெலிந்து, ஒருநாள் பல் உள்ளே இறங்கிவிடும்.

கழுந்தைக் குடையும்போது மின்சார டிரில்லைப் பயன்படுத்துவது மன்னிக்க முடியாத அவசரம். வாய்த்துண்டு செய்யும் கடின ரப்பரான வல்கனைட் சூட்டில் இளகும். பிட் கவ்விக்கொண்டு துளை கோணலாகிவிடும். கந்தக நாற்றம் வந்துவிட்டதென்றால் ஏற்கெனவே எல்லை மீறியாகிவிட்டது. பிட்டைக் கைப்பிடியில் பொருத்தி, விரலால் திருகி, சிறிது சிறிதாக அளவை ஏற்றுங்கள். கழுந்தின் வெளிவிட்டத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். எட்டு மில்லிமீட்டர் கழுந்தில் நான்கு மில்லிமீட்டர் துளை போட்டால் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் சுவர் மிஞ்சும், நல்லது. ஆறரை மில்லிமீட்டர் கழுந்தில் அதே துளை போட்டால் மிஞ்சுவது ஒன்றேகால்தான். கழற்றும்போது தண்டுக்குள்ளேயே முறிந்து நிற்கும். வளைந்த வாய்த்துண்டில் நேரான பிட்டை ஆழமாக விட்டால் பக்கவாட்டில் பொத்துக்கொண்டு வெளியே வரும்.

களகளச் சத்தத்துக்குத் துளையைப் பெரிதாக்குவது பல நேரங்களில் வீண் வேலை. கழுந்தின் முனைக்கும் தண்டின் உள்தரைக்கும் நடுவே இடைவெளி இருந்தால், புகை அங்கே விரிந்து, சுழன்று, குளிர்ந்து, ஈரத்தை உதிர்க்கிறது. நேரான, சாதாரணச் சுங்கானில் இதுதான் பெரிய சந்தேகநபர். கழுந்தின் வாயை உள்பக்கமாகப் புனல்போல் சிறிது சரித்துவிடுவது இதற்குக் கைகொடுக்கும். ஆனால் டப்ளினின் பீட்டர்சன் நிறுவனம் 1890இல் காப்புரிமை பெற்ற ‘சிஸ்டம்’ வகையில் ஈரம் தேங்குவதற்கென்றே தண்டுக்குள் ஒரு குழி வைத்திருக்கிறார்கள். புகைத்துளை அந்தக் குழிக்கு மேலே திறக்கிறது. அங்கே போய்ச் ‘சரிசெய்தால்’ அந்தச் சுங்கானின் அறிவையே அழித்தவர் ஆவீர்கள். வடிகட்டி வைக்கும் சுங்கான்களிலும் குடைய வேண்டியதில்லை, வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

கிண்ணத்தோடு சேரும் மரத்துளையை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அது கிண்ணத்தின் தரையோடு சமமாக வந்து முடிய வேண்டும். துளையைப் பெரிதாக்கும்போது அதன் கீழ்விளிம்பு தரைக்கும் கீழே இறங்கி ஒரு பள்ளம் விழுகிறது. கை சற்று அழுத்திவிட்டால் பிட்டின் முனை எதிர்ச்சுவரைக் குத்துகிறது. இரண்டு இடத்திலும் மரம் மெலிந்து, நெருப்பு பட்டுப் பட்டுக் கரியாகி, கடைசியில் ஓட்டை விழும். தப்பித்தாலும், அகலத் துளை வழியே சாம்பலும் புகையிலைத் துணுக்கும் நேரே நாக்குக்கு வரும்.

இதற்கிடையே பரவியிருக்கும் ஒரு நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும்: காற்றுவழி அகலமானால் புகை கெடுதல் குறையும் என்பது. குறையாது. வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமான பொருள்கள் புகையிலையின் புகையிலேயே இருக்கின்றன, துளையின் அளவு அதை மாற்றுவதில்லை.

வேலையில் இறங்குவதாக முடிவெடுத்தால் சுங்கான் முழுதாக ஆறிய பிறகே வாய்த்துண்டைக் கழற்றுங்கள். சூட்டோடு முறுக்கினால் தண்டு விரிசல் விடும். கூடுமானால் மாற்று வாய்த்துண்டு ஒன்றை வாங்கி அதில் குடையுங்கள், பழையது அப்படியே இருக்கட்டும். மீர்ஷாம் என்ற மென்மையான வெள்ளைக் கனிமத்தில் செய்த சுங்கான்களையும், சேகரிப்பாளர்கள் தேடும் பழைய சுங்கான்களையும் குடையவே வேண்டாம். ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பிறகும் துகளை ஊதித் தள்ளி, பொருத்தி, உறிஞ்சிப் பாருங்கள். தடை விலகிய அளவோடு நிறுத்திவிடுங்கள்.