தேக்குத் தோட்டத்தில் மரம் எவ்வளவு வளர்ந்தது? குழுவாக அளப்பது எப்படி

ஆனைமலையில் டாப்சிலிப் பக்கத்துத் தேக்குத் தோட்டங்களில், வயதான மரம் ஒன்று ஒரு வருடத்தில் ஓரிரு சென்டிமீட்டர் பருத்தாலே பெரிது. ஒரு மீட்டர் சுற்றளவுள்ள மரத்தில் டேப்பைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் அதே அளவுக்குப் பிழை வந்துவிடும். கவனம் முழுக்க அங்கேதான் வேண்டும்.

1. அனுமதி, ஆட்கள்

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. குழுவுக்கு மூன்று பேர் போதும். ஒருவர் டேப் பிடிக்க, ஒருவர் மரத்துக்குப் பின்னால் நின்று டேப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒருவர் எழுத. எழுதுபவர் எண்ணைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘எழுபத்தொன்று’ காட்டுக்குள் ‘எண்பத்தொன்று’ என்றுதான் காதில் விழும். பென்சிலில் எழுதுங்கள், மழையில் கரையாது.

2. எந்த உயரத்தில் அளப்பது?

இந்தியாவில் மார்புயரம் என்பது தரையிலிருந்து 1.37 மீட்டர். பல வெளிநாடுகளில் 1.30. ஒருமுறை நாங்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து போனோம். ஆளுக்கு ஒரு கணக்கு. மாலையில் தாள்களைச் சேர்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு நாள் வேலை வீண். அதற்கப்புறம் எல்லோருக்கும் 1.37 மீட்டரில் வெட்டிய பிவிசி குழாய் ஒன்று கொடுத்துவிடுகிறோம். மரத்தோடு ஒட்டி நிறுத்தினால் சரி, வாக்குவாதமே இல்லை.

3. மாதிரிப் பரப்பு

20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம் கட்டுங்கள். மூலைவிட்டம் 28.28 மீட்டர் வந்தால் மூலைகள் நேர். சரிவில் கயிற்றைத் தரையோடு விடாமல் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். தோட்டத்தின் ஓரத்து இரண்டு வரிசைகளைச் சதுரத்துக்குள் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்; வெளிச்சம் கூடுதலாகக் கிடைப்பதால் அவை கொழுத்து நிற்கும்.

4. அளப்பது

தேக்கின் அடியில் கரையான் மண் அப்பியிருக்கும். கையால் தட்டிவிடுங்கள், பட்டையைச் செதுக்க வேண்டாம். கொடி சுற்றியிருந்தால் டேப்பைக் கொடிக்கும் பட்டைக்கும் நடுவே விடுங்கள். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். 1.37க்குக் கீழேயே கவை பிரிந்தால் இரண்டு மரம், மேலே பிரிந்தால் ஒன்று. அந்த உயரத்தில் முடிச்சோ வீக்கமோ இருந்தால் சற்று மேலே அளந்து, எவ்வளவு மேலே என்பதையும் எழுதுங்கள். கடைசியாக, அளந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு. தையல்காரர் டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். கண்ணாடியிழை டேப் நல்லது.

5. அடுத்த வருடம்

அதே மாதம், அதே கோடு. வெயில் காலத்தில் அடிமரம் லேசாகச் சுருங்கும், மழைக்குப் பிறகு உப்பும். மாதத்தை மாற்றினால் வளர்ச்சி எது, ஈரம் எது என்று பிரிக்க முடியாது.

கணக்கு எளிது. சுற்றளவின் வர்க்கத்தை 12.57ஆல் வகுத்தால் அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். 62 செ.மீ. மரம் 64.5 ஆனால், 306 சதுர செ.மீ. 331 ஆகிறது. சதுரத்தில் உள்ள எல்லா மரங்களின் பரப்பையும் கூட்டி 25ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கான கணக்கு.

சில மரங்கள் போன வருடத்தைவிடக் குறைவாகக் காட்டும். பட்டை உதிர்ந்திருக்கலாம், டேப் சாய்ந்திருக்கலாம். மரத்தடியிலேயே இன்னொரு முறை அளந்து பாருங்கள். அப்போதும் குறைவு என்றால் அந்த எண்ணையே எழுதி, பக்கத்தில் காரணத்தைக் குறித்துவையுங்கள்; பழைய எண்ணை மட்டும் திருத்தாதீர்கள்.