கடலோர மனை: முதலில் தரையின் உயரத்தைப் பாருங்கள்

சுனாமி வரக்கூடிய கடலோரத்தில், கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மனையை முடிவு செய்யாதீர்கள். கடல்மட்டத்துக்கு மேல் தரை எவ்வளவு உயரம், பக்கத்தில் ஆற்று முகத்துவாரம் உண்டா என்று பாருங்கள். சுனாமி நீர் ஆற்றுவழியே பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிடும். கடல் தெரிய வேண்டுமென்று மணல்மேட்டை வெட்டவே வெட்டாதீர்கள்.

பலமான கட்டடமும் சாய்ந்துவிடுவதற்கு மண்ணரிப்பு ஒரு முக்கியக் காரணம். நீர் திரும்பும்போதும் மூலைத் தூண்களைச் சுற்றிப் பள்ளம் பறிக்கும். அதனால் மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்மேல் நிற்கும் பைல் அஸ்திவாரமே நல்லது. தரைத்தளத்தைத் திறந்தே விடுங்கள். சுவர் எழுப்பினால் நீரின் விசை தூண்களுக்குப் போகும். அந்தத் தூண்கள் நிலநடுக்கத்தையும் தாங்க வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஜெனரேட்டர் மேல்தளத்தில். தப்பி ஓட வசதியாகத் தெருக்கள் நேராக மேட்டுநிலத்துக்கு ஏறட்டும், முட்டுச்சந்து ஒன்றுகூட வேண்டாம்.