திருவாதிரையின் ஒளியை வெறுங்கண்ணால் அளப்பது எப்படி?

திருவாதிரை, அதாவது பெட்டல்ஜியூஸ் என்ற விண்மீன், நிலையான ஒளி கொண்டதல்ல. பொதுவாக 0.3க்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்கும் அதன் பொலிவெண் (விண்மீனின் ஒளியைக் குறிக்கும் எண்), 2020 பிப்ரவரியில் 1.6 வரை போனது. எண் கூடினால் ஒளி மங்குகிறது என்று பொருள். ஒரு எண் வித்தியாசம் சுமார் 2.5 மடங்கு ஒளி. இவ்வளவு பொலிவான மீனுக்குத் தொலைநோக்கி தேவையில்லை, பொலிவெண் தெரிந்த வேறு விண்மீன்களோடு ஒப்பிடக் கண்ணே போதும்.

பிப்ரவரி முதல் பாதியில் இரவு 9 மணி நல்ல நேரம். தமிழகத்தில் அப்போது திருவாதிரை ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும், ஒப்பிட வேண்டிய விண்மீன்களான புரோசியான் (பொலிவெண் 0.4), ரோகிணி (0.9) இரண்டும் உயரத்தில் இருக்கும். ஒப்பீட்டு மீன் அடிவானிலிருந்து 30 பாகை உயரத்துக்குக் கீழே சரிந்துவிட்டால் காற்றே அதன் ஒளியில் கால் பொலிவெண்ணுக்கு மேல் தின்றுவிடும். மூட்டம் இருந்தால் இன்னும் மோசம்.

புரோசியானிலிருந்து ரோகிணி வரையான இடைவெளியை மனதில் ஐந்து பங்காக வையுங்கள். திருவாதிரை புரோசியானைவிட இரண்டு பங்கு மங்கலாகத் தெரிந்தால்: 0.4 + (0.5 × 2/5) = 0.6. ரோகிணியையும்விட மங்கலா? அடுத்த துணை போலக்ஸ் (1.1).

தவறு பெரும்பாலும் கண்ணில்தான் நேரும். சிவப்பு மீனை முறைத்துப் பார்க்கப் பார்க்க அது பொலிவு கூடியதுபோல் தோன்றும். எனவே ஒவ்வொன்றையும் ஓரிரு நொடி மட்டும் மாறி மாறிப் பாருங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும் மீன்களில் கீழே இருப்பது கூடுதல் பொலிவாகத் தெரியலாம். இரு கண்களையும் இணைக்கும் கோடு, மீன்களை இணைக்கும் கோட்டுக்கு இணையாக வரும்படி தலையைச் சாய்த்தால் சரியாகிவிடும். நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். நேற்றைய எண்ணே மறுபடி வந்து நிற்கும்.

நோட்டில் வெறும் 0.6 என்று எழுதினால் அந்தப் பதிவால் பயனில்லை. எந்த இரண்டு மீன்களோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை பங்கு என்பதும் வேண்டும். ஒப்பீட்டு எண்கள் பின்னாளில் திருத்தப்பட்டால் அப்போதுதான் மறுபடி கணக்கிட முடியும். ஒளி மாறும் விண்மீன்களைக் கவனிப்போருக்காக 1911இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓ (AAVSO) அமைப்புக்கு அனுப்பும்போதும் ஒப்பீட்டு மீன்களையும், பயன்படுத்திய விண்மீன் வரைபடத்தின் எண்ணையும் சேர்த்தே தருகிறோம். அதன் வரைபடங்களில் 0.4 என்பது 04 என்றிருக்கும்; தசமப் புள்ளி போட்டால் அதையும் ஒரு மீன் என்று நினைத்துவிடுவோம் அல்லவா!

தேதியை ஜூலியன் நாளாக, அதாவது மாதம், ஆண்டு இல்லாமல் தொடர்ந்து எண்ணிவரும் நாள் எண்ணாக, எழுதுங்கள். அந்த நாள் உலக நேரப்படி நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5.30க்குப் பிறக்கிறது, ஓர் இரவு முழுக்க ஒரே எண்தான். 2026 ஜனவரி 15 இரவு 9 மணி என்றால் 2461056.146.

மேகம் பாதி மறைத்திருந்தால் எண் எழுத வேண்டாம், ‘மேகம்’ என்று மட்டும் எழுதுங்கள்.