மாலத்தீவில் மணநாள்: தனித்தீவை முன்பதிவு செய்வதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவில் முதல் ரிசார்ட் 1972ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காலத்திலிருந்து, பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதே அங்கு வழக்கமாக இருந்து வருகிறது. திருமண நாளைக் கூட்டமில்லாத இடத்தில் கொண்டாட விரும்பும் தம்பதியரை அங்கே ஈர்ப்பதும் அந்தத் தனிமைதான், அவர்களுடைய செலவுக் கணக்கைப் புரட்டிப் போடுவதும் அதே தனிமைதான். கொடைக்கானலில் விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் கீழே இறங்கி ஒரு மெஸ்ஸைத் தேடலாம். அறை சரியில்லை என்றால் மறுநாளே வேறு விடுதிக்கு மாறலாம். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் அறை தருபவரும், உணவு தருபவரும், படகு விடுபவரும், தலைவலி மாத்திரை தருபவரும் ஒருவரே. ஆகவே அங்கே நேரும் சங்கடங்களுள் பெரும்பாலானவை தீவில் கால் வைத்த பிறகு தொடங்குவதில்லை. வீட்டில் உட்கார்ந்து முன்பதிவுக்குப் பணம் கட்டும்போதே முடிவாகிவிடுகின்றன.

அவற்றுள் முதன்மையானது, விளம்பரத்தில் கண்ட அறை வாடகையை முழுச் செலவு என்று நம்பிவிடுவது. வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போடப்பட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அதில் சேரவில்லை என்பது பொருள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். அதையும் சேர்த்த தொகையின் மீது சுற்றுலாப் பொருள் சேவை வரி விதிக்கப்படுகிறது, அது 2025 ஜூலை முதல் 17 சதவீதமாக உயர்ந்துவிட்டது. இவை போதாதென்று, ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி உண்டு. 2024 வரை அது 6 டாலராக இருந்தது. ஓர் இரவுக்கு 400 டாலர் என்று காட்டப்படும் அறை, சேவைக் கட்டணத்துடன் 440 ஆகி, வரியுடன் 514.80 ஆகி, இருவருக்கான பசுமை வரியையும் சேர்த்தால் 538.80 டாலரில் வந்து நிற்கும். நான்கு இரவுகளுக்கு 1,600 டாலர் என்று மனத்தில் வைத்திருந்தவர் 2,155 டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். இதில் ஒரு வேளைச் சாப்பாடுகூட இன்னும் சேரவில்லை, தீவுக்குப் போய்ச் சேரும் செலவும் சேரவில்லை. முன்பதிவுத் தளங்கள் சில வரியுடனும் சில வரியின்றியும் விலை காட்டுவதால், இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிடும்போது இறுதித் தொகையை மட்டுமே ஒப்பிட வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது: கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவு விருந்துகளுக்குத் தனிக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கும் ரிசார்ட்டுகள் பல உண்டு.

சாப்பாட்டுத் திட்டத்தைச் சிக்கனம் கருதித் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. காலை உணவு மட்டும் அடங்கிய திட்டம் பட்டியலில் மலிவாகத் தெரியும். ஆனால் தீவில் வேறு கடை கிடையாது, அரிசி முதல் ஆப்பிள் வரை ஏறத்தாழ எல்லாமே இறக்குமதி, ஆகவே இருவருக்கான ஒரு மதிய உணவு நூறு டாலரைத் தொடுவது அங்கே வியப்புக்குரியது அல்ல. காலை, இரவு உணவுகள் மட்டும் அடங்கிய அரை நாள் உணவுத் திட்டத்தில் குடிபானங்களும், சில இடங்களில் இரவு உணவின்போது தரப்படும் பாட்டில் தண்ணீரும்கூடத் தனிக் கணக்கில் எழுதப்படும். எல்லாம் அடங்கியது என்று பெயர் சூட்டப்பட்ட திட்டத்திலும், பொதுவான பஃபே தவிர்த்த சிறப்பு உணவகங்கள், அறைக்கு வரவழைக்கும் உணவு, கடற்கரையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரிமாறப்படும் விருந்து ஆகியவை அடங்காமல் போவதுண்டு. திருமண நாள் விருந்தை மனத்தில் வைத்துத்தானே போகிறோம். அந்த ஒரு விருந்தின் விலையை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். சைவம் மட்டும் உண்பவர்கள், முட்டையும் மீனும்கூடக் கூடாது என்பதைத் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். மாலத்தீவுச் சமையலில் சூரை மீனும் மாசிக்கருவாடும் எங்கும் ஊடுருவி நிற்பவை என்பதால் இந்த எச்சரிக்கை அவசியமாகிறது. ரிசார்ட் சமையலறைகளில் இந்தியர்களும் இலங்கையர்களும் பரவலாக வேலை செய்வதால், முன்கூட்டிச் சொன்னால் பருப்பும் சோறும் கிடைப்பது கடினமன்று.

பயணப் பகுதியில் நிகழும் தவறு பணத்தோடு நேரத்தையும் விழுங்கக்கூடியது. திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவுதான் என்பதால், கிட்டத்தில் இருக்கும் ஊர் என்று எண்ணி, எந்த நேரத்து விமானமானாலும் சரி என்று மலிவான பயணச்சீட்டை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பயணத்தின் இரண்டாம் பாதி மாலேயின் வேலானா விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது. தலைநகருக்கு அருகிலுள்ள தீவுகளுக்கு ஸ்பீடு போட் போகும், அது இரவிலும் ஓடும். தொலைவிலுள்ள பவளத்தீவுக் கூட்டங்களுக்குச் சீப்ளேனில், அதாவது தண்ணீரில் இறங்கும் ட்வின் ஆட்டர் வகைச் சிறு விமானத்தில், போக வேண்டும். இன்னும் தெற்கே என்றால் உள்நாட்டு விமானமும் படகும் சேர்ந்த பயணம். சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலேயில் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு இறங்குபவர்களுக்கு அன்று இடம் கிடைப்பது பெரும்பாலும் ஐயமே. அப்படி ஆனால் விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்க நேரிடும். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய வாடகையோ திரும்பி வராது. ஆளுக்குப் பல நூறு டாலர் ஆகும் சீப்ளேன் கட்டணம் அறை வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பது சீப்ளேனின் வழக்கமான எடை வரம்பு. படம் எடுப்பதற்காகப் பட்டுப்புடவைகளையும் நகைப்பெட்டியையும் அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் அந்த வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிலோவுக்கும் பணம் கட்டுகிறார்கள்.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம் ஒன்று உண்டு. மாலேயின் நேரம் நம் நேரத்தைவிட அரை மணி பின்தங்கியது. மாலை வெளிச்சம் நீடிப்பதற்காகப் பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னே வைத்துக்கொள்கின்றன. திரும்பும் விமானத்தின் நேரமோ மாலே நேரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு படகுத் துறையில் பதறி நிற்பவர்கள் ஒருபோதும் இல்லாமல் போவதில்லை.

பருவகாலத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே அமைந்த ஒரு குழப்பம் இருக்கிறது. வடகிழக்குப் பருவம் என்றதும் சென்னையில் மழை நினைவுக்கு வரும். மாலத்தீவிலோ இருவாய் எனப்படும் வடகிழக்குப் பருவம்தான் வறண்ட காலம். டிசம்பரில் மழை மெல்லக் குறைந்து, ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம்வரை வானம் தெளிந்திருக்கும், கடலும் அமைதியாக இருக்கும். ஹுல்ஹங்கு எனப்படும் தென்மேற்குப் பருவம், மே முதல் அக்டோபர் அல்லது நவம்பர்வரை, காற்றையும் மழையையும் கொண்டுவரும். நம் திருமணங்கள் ஆடியையும் மார்கழியையும் தவிர்த்துவிட்டுத் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் குவிவதால், தை மாதத் தம்பதியருக்கு நல்ல வானிலையும் உச்ச விலையும் சேர்ந்து கிடைக்கின்றன. வைகாசி, ஆவணித் தம்பதியர் குறைந்த விலையைக் கண்டு மகிழ்ந்து முன்பதிவு செய்துவிட்டு, மழை பெய்யும்போது ரிசார்ட்டைக் குறை சொல்கிறார்கள். மழைக்காலத்தை முற்றிலும் ஒதுக்கவும் தேவையில்லை. யுனெஸ்கோ 2011இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பா பவளத்தீவுக் கூட்டத்தில், ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வருவது இந்தத் தென்மேற்குப் பருவத்தில்தான். கடலுக்குள் இறங்கிப் பார்க்க ஆசைப்படும் தம்பதியருக்கு ஆவணியே தையைவிட நல்ல மாதமாக அமையலாம். வெயிலும் நீலக் கடலும் மட்டுமே வேண்டும் என்பவர்கள், திருமண நாள் கொண்டாட்டத்தை வறண்ட மாதங்களுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் தவறில்லை என்பது என் கருத்து.

பருவத்துக்கேற்ப அறையின் திசையையும் பார்க்க வேண்டும் என்று முகவர்கள் சொல்வதில்லை. சூரியன் மறையும் பக்கத்து வில்லாவுக்குக் கூடுதல் வாடகை வாங்குவார்கள். ஆனால் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலையும் சாரலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தாக்குகின்றன, அப்போது கிழக்குப் பக்கம் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். தண்ணீரின் மேல் கட்டிய வில்லா என்றாலே அதன் கீழே வண்ண மீன்கள் நீந்தும் என்ற எண்ணமும் சரியன்று. ஆழமற்ற வெளிர்நீலக் காயலின் மீது கட்டப்பட்டவற்றின் கீழே பெரும்பாலும் வெறும் மணல்தான் இருக்கும். மீன்களைப் பார்க்க விரும்புபவர்கள், தீவை ஒட்டிய பவளத்திட்டு கரையிலிருந்து நீந்திச் செல்லும் தூரத்தில் உள்ளதா, படகில்தான் போக வேண்டுமா என்று கேட்க வேண்டும். 1998, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தால் பவளங்கள் பெருமளவில் வெளிறி மடிந்ததால், பழைய படங்களில் கண்ட நிறங்களை அப்படியே எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில் முடியும். இரவில் கரையோர அலைகள் நீலமாக ஒளிரும் படங்களும் அப்படிப்பட்டவையே. அந்த ஒளி நுண்ணுயிர்களால் வருவது, எந்தத் தீவில் எந்த இரவில் தோன்றும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

வெள்ளிவிழாக் கொண்டாடப் போகும் தம்பதியர் இன்னும் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். படகுத் துறையிலிருந்து வில்லாவரை மரப்பாலத்தில் நீண்ட நடை, சீப்ளேனின் குறுகிய படிகள், கடலில் இறங்கும் செங்குத்தான ஏணி ஆகியவை மூட்டுவலி உள்ளவர்களுக்கு நாளுக்கு நாள் தொல்லையாகிவிடும். அவர்களுக்கு மணலில் அமைந்த பீச் வில்லாவே உகந்தது. துணைவருக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து வியப்பூட்ட நினைப்பது அழகான எண்ணம்தான், ஆனால் துணைவருக்குத் தண்ணீரைக் கண்டால் அச்சமா, படகில் குமட்டுமா, கடவுச்சீட்டு காலாவதியாகாமல் இருக்கிறதா என்பவற்றுக்கு விடை தெரிந்த பிறகே அதில் இறங்க வேண்டும்.

திருமண நாளுக்கென்று ரிசார்ட்டுகள் தரும் கேக், மலர் அலங்காரம், ஒரு வேளை விருந்து போன்ற சலுகைகள் தாமாக வந்து சேர்வதில்லை. குறைந்தபட்ச இரவுகள், திருமண நாளையொட்டிய குறிப்பிட்ட காலத்துக்குள் தங்குதல், திருமணப் பதிவுச் சான்றிதழின் நகல் என நிபந்தனைகள் இருக்கும். சில இடங்களில் ஐந்து, பத்து, இருபத்தைந்து போன்ற ஆண்டுகளுக்கு மட்டுமே சலுகை உண்டு. பதிவே செய்யாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட பழைய தலைமுறையினர் பலரிடம் அந்தச் சான்றிதழ் இருப்பதில்லை. அழைப்பிதழை ஏற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

நுழைவுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. ஆனால் தங்குமிட உறுதிச்சீட்டும் திரும்பும் பயணச்சீட்டும் கையில் இருக்க வேண்டும், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஐமுகா இணையதளத்தில் பயணி அறிவிப்பை நிரப்பியிருக்கவும் வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசின் தளமன்று. மாலத்தீவு இஸ்லாமிய நாடு. வெளியிலிருந்து மது கொண்டுபோக முடியாது, விமான நிலைய வரியில்லாக் கடையில் வாங்கியதானாலும் சுங்கத்தில் பிடித்து வைத்து, திரும்பும்போதுதான் தருவார்கள். மின்சிகரெட்டுக்கு 2024 நவம்பர் முதல் தடை உள்ளது. வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியலில் இருப்பதால், பயணத்திலும் பூசையை விடாதவர்கள் பெட்டியில் சிறு பிள்ளையாரை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். ரிசார்ட் தீவில் நீச்சலுடைக்கும் மதுவுக்கும் தடையில்லை. சிக்கனத்துக்காக மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் விடுதிகளை நாடினால் மது கிடைக்காது, நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டுமே அனுமதிக்கப்படும், பொது இடத்தில் நெருக்கம் காட்டுவதும் பொருத்தமன்று. அமைதியாக ஊர் வாழ்க்கையைப் பார்க்க விரும்பும் தம்பதியருக்கு அது மிக நல்ல தேர்வு, ஆனால் தனித்தீவு ரிசார்ட்டின் மலிவான பதிப்பாக அதை எண்ணிப் போகக் கூடாது.

உடல்நலத்தில் அலட்சியம் காட்டுவதே ஆபத்தானது. ரிசார்ட்டில் ஒரு மருத்துவரும் சிறு மருந்தகமும் இருக்கலாம். பெரிய சிகிச்சைக்கு மாலேதான், இரவில் சீப்ளேனும் பறக்காது. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரின் சீட்டுடன் கூடுதல் நாள்களுக்குச் சேர்த்து எடுத்துச் செல்வதும், அவசர வெளியேற்றத்தை உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுப்பதும் கட்டாயம். காயல் குளம்போலத் தெரிந்தாலும், பவளத்திட்டின் இடைவெளிகள் வழியே தண்ணீர் வெளியேறும் இடங்களில் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துச் செல்லும். நீச்சல் தெரியாதவர்கள் மிதவை உடையின்றி ஸ்நார்க்கெலிங் செய்யக் கூடாது, தெரிந்தவர்களும் தனியே போகக் கூடாது. ஸ்கூபா முக்குளிப்பைக் கடைசி நாளுக்கு ஒத்திவைப்பது மற்றொரு தவறு. பல முறை முக்குளித்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

திரும்பும் சீப்ளேனின் நேரம் பெரும்பாலும் முந்தைய மாலைதான் தெரிவிக்கப்படும். அது விடியற்காலையாக இருந்தால், வரவேற்பறையில் கணக்கைச் சரிபார்க்க நேரம் இருக்காது. கையெழுத்திட்ட ஒவ்வொரு சீட்டின் தொகையும் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று பார்த்து, பட்டியலை முந்தைய இரவே கேட்டு வாங்கி, இலவசம் என்று சொல்லப்பட்ட கேக் அதில் ஏறியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மாலத்தீவை விட்டுக் கிளம்பும் வரி விமானச் சீட்டிலேயே சேர்ந்திருப்பதால், அதைத் தனியே எவருக்கும் கட்ட வேண்டியதில்லை.