சர்வர் மாற்றும் முன் டிடிஎல்லைக் குறையுங்கள்

இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் அமைப்பு) பக்கத்துக்குப் போய், அந்த முகவரி எழுதியிருக்கும் ஏ ரெக்கார்டின் டிடிஎல் மதிப்பை 300 நொடி ஆக்கிவிடுங்கள். ஐபி முகவரியை அப்போது தொட வேண்டாம். மாற்றும் நாளில் அதை மட்டும் மாற்றினால் போதும், ஐந்து பத்து நிமிடத்தில் ஏறக்குறைய எல்லோரும் புது சர்வருக்கு வந்துவிடுவார்கள்.

டிடிஎல் என்பது, கேட்டு வாங்கிய முகவரியை இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு. 86400 என்றால் முழுதாக ஒரு நாள். கல்லணையில் மதகைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போக நாளாகும் அல்லவா, அதுபோலத்தான். ஆனால் இங்கே எவ்வளவு நேரம் என்பது நம் கையில் இருக்கிறது. மாற்றும் அன்றே குறைத்தால் பயனில்லை, பழைய 86400-ஐ வாங்கி வைத்தவர்கள் அது தீரும்வரை பழைய இடத்துக்கே போவார்கள். கும்பகோணத்துப் பாத்திரக் கடையின் தளம் என்றால், தீபாவளி வாரத்தில் பாதி ஆர்டர் பழைய சர்வரில் போய் விழும்.

நேம்சர்வரையே, அதாவது டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரையே, மாற்றும்போது இந்த வழி உதவாது. டாட் காம் டொமைனுக்கு, நேம்சர்வர் எது என்ற தகவலின் டிடிஎல் 172800 நொடி, அதாவது இரண்டு நாள். அதை நாம் குறைக்க முடியாது. தளத்துக்கு முன்னால் நின்று வருகிறவர்களை வாங்கி அனுப்பும் கிளவுட்ஃப்ளேர் சேவையில் ஆரஞ்சு மேகம் (அவர்கள் வழியாகவே அனுப்பும் அமைப்பு) போட்டிருந்தால் இந்த வேலையே தேவையில்லை, வெளியே தெரிவது அவர்கள் ஐபிதான்.

அப்புறம், பழைய சர்வரை உடனே அணைத்துவிடாதீர்கள். டிடிஎல்லை மதிக்காத சில டிஎன்எஸ்களும் உண்டு.